இரண்டு பட்டியல்களில் ஒரு மிருதங்கக்காரர்

1993இல் தென்னார்க்காடு மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தபோது என்னைக் கடலூரிலிருந்து விழுப்புரத்துக்கு மாற்றினார்கள். கோப்புகள் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு லாரியில் வந்தன. நான் மழையில் நனைந்து பேருந்தில் வந்தேன். புது மாவட்டத்தில் நாற்காலிகள் வருவதற்கு முன்பே தபால் வர ஆரம்பித்துவிட்டது. எந்தப் பிரிவும் தனக்கு வேண்டாம் என்று சொன்ன பொருள்களையெல்லாம் சேர்த்து ஒரு பிரிவு உண்டாக்கி, அதற்கு என்னைக் கண்காணிப்பாளராகப் போட்டார்கள். வெறிநாய்க்கடி, கொடிநாள் வசூல், குடியரசு தினத் தோரணம், கலை.

கலையை வளர்ப்பதற்கென்று டெல்லியில் ஓர் அமைப்பு உண்டு. அதன் கடிதங்கள் நல்ல தாளில் வரும். அது கலையை வளர்க்கும் விதம் இதுதான். ஆண்டுக்கொரு முறை ஆங்கிலத்திலும் இந்தியிலும் அறிவிப்பு வெளியிடும். இங்கிலீஷ் படித்த யாரோ ஒருவர் அதைத் தெருக்கூத்துக் குழுவின் வாத்தியாரிடம் சொல்வார். எங்கள் பக்கம் கூத்துக் குழுவுக்கு ஜமா என்று பெயர். அதை நடத்துகிறவர் வாத்தியார். அவர் விண்ணப்பத்தோடு ஒரு பட்டியல் தர வேண்டும். ஜமாவில் யார் யார், தகப்பன் பெயர், பிறந்த தேதி, என்ன வேஷம், என்ன வாத்தியம், கையெழுத்து, புகைப்படம். மாவட்ட நிர்வாகம் அதைச் சரிபார்க்கும். பிறகு ஒரு நிபுணர் வந்து ஆட்டத்தைப் பார்ப்பார். எல்லாம் சரியாக இருந்தால் பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் மாதாமாதம் உதவித்தொகை. நிபந்தனைகள் பதினான்கு. ஒன்பதாவது நிபந்தனை, ஒருவர் பெயர் ஒரு குழுவின் பட்டியலில் மட்டுமே இருக்க வேண்டும் என்றது. மீறினால் சம்பந்தப்பட்ட எல்லாக் குழுக்களும் மூன்று ஆண்டுகளுக்கு நீக்கப்படும்.

நான் ஒன்பதாவது நிபந்தனைக்காகவே பிறந்தவன். முதியோர் உதவித்தொகைப் பட்டியல்களில் ஒரே கிழவி இரண்டு ஊரில் பணம் வாங்குவதைக் கண்டுபிடிப்பதில் அலுவலகத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. மற்றவர்கள் பெயரைப் பார்ப்பார்கள். நான் தகப்பன் பெயரைப் பார்ப்பேன். பெயரை மாற்றிச் சொல்கிறவர்களுக்குக்கூட அப்பனை மாற்றத் தோன்றுவதில்லை. மூன்று ஆட்சியர்கள் இதற்காக என்னைப் பாராட்டியிருக்கிறார்கள். ஒருவர் எழுத்திலேயே பாராட்டினார்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒரு மாசி மாதம், முகையூர் ஒன்றியத்தில் ஒரு ஜமாவைப் பார்வையிட நிபுணர் வந்தார். சென்னைக்காரர், கண்ணியமானவர், வெயில் தாங்காதவர். துணைக்கு நான் போனேன். காலை பதினொரு மணிக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் ஆட்டம். பூவரச மரத்தடியில் எங்களுக்கு இரண்டு நாற்காலிகளும், ஒரு தட்டில் உடைத்த மல்லாட்டையும். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. விடிய விடிய ஆடுகிற கூத்தை இருபது நிமிடத்தில் காட்ட வேண்டும் என்று நிபுணர் சொன்னார்.

"இருபது நிமிசத்துல கிரீடம் கட்டவே முடியாதுங்களே," என்றார் வாத்தியார்.

"கட்டிக்கொண்டே வாருங்கள், பரவாயில்லை," என்றார் நிபுணர்.

முகவீணை ஊதுகிறவர் இல்லாததைக் கவனித்து அவர் எங்கே என்று கேட்டேன். வாத்தியார் கொஞ்சமும் தயங்காமல் சொன்னார். "செஞ்சி பக்கம் ஒரு ஜமாவுக்குக் குடுத்துருக்கறோம் சார். அவங்களுக்கு ஆள் இல்ல. நாளைக்கு நமக்கு ஆள் இல்லன்னா அவங்க குடுப்பாங்க. வெத்தல பாக்கு வெச்சிக் கூப்புட்டா மாட்டேன்னு சொல்லக் கூடாது. அதான் இங்க வழக்கம்."

இதை நான் கேட்டேன். என் காதால் கேட்டேன். பின்னால் நடந்ததற்கு எனக்குத் தெரியாது என்று சொல்லும் வசதி இல்லை என்பதற்காகவே இதை எழுதிவைக்கிறேன்.

அன்று மிருதங்கம் வாசித்தவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கிறிஸ்தவர். ஈஸ்டருக்கு முன்னால் பங்குக் கோயிலில் இயேசுவின் பாடுகளைக் காட்டும் நாடகத்துக்கு வாசிப்பார். பங்குனி பிறந்தால் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்துக்கு வாசிப்பார். அவர் வாசிக்க ஆரம்பித்ததும் நிபுணர் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்தினார். எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் மைதானத்தின் மறுகோடியில் போய்க்கொண்டிருந்த ஆடுகள்கூடத் திரும்பிப் பார்த்தன. ஆட்டம் நாற்பது நிமிடம் போயிற்று. நாங்கள் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

முடிந்ததும் அவர் மரத்தடிக்கு வந்து தண்ணீர் குடித்தார். சொம்பைப் பிடித்த விரல்களைப் பார்த்தேன். நுனிகள் எல்லாம் வெடித்து, வெடிப்புகளில் சாம்பல் நிறம் இறங்கியிருந்தது. இரண்டு விரல்களில் வேட்டிக் கிழிசலைச் சுற்றியிருந்தார்.

"கைக்கு என்ன?" என்று கேட்டேன்.

"சிமெண்டுங்க. கூத்து இல்லாத மாசத்துல வானூர் பக்கம் கலவை போடப் போறேன். பத்து நாளு கலவையில கைய வெச்சா ஒரு மாசம் வெரலு பேசாது."

"விரல் பேசாதா?"

"தா தீ தோம்னு சொல்லு வராதுங்க. எடக்கை, தொப்பி பக்கம் சமாளிச்சிக்கலாம். வலந்தலையில தெரிஞ்சிடும்."

வாத்தியார் குறுக்கே சிரித்தார். "அவன் வெரலு பேசலன்னா என் பீமன் நொண்டுவான் சார். அதான் மொத பேரா இவனத்தான் எழுதிக்கினு வந்தேன்."

"இந்தப் பணம் வந்துட்டா நான் சிமெண்டத் தொட மாட்டேன்," என்றார் மிருதங்கக்காரர். "அவ்ளோதான் சார் நான் கேக்கறது. கைய வெச்சிக்கறதுக்குத்தான்." பிறகு, அதிகம் பேசிவிட்டதாக நினைத்தாரோ என்னவோ, மல்லாட்டைத் தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

நிபுணர் காரில் ஏறியதும் சொன்னார்: "அந்த மிருதங்கத்துக்காகவே இவர்களுக்குக் கொடுக்கலாம்."

ஒரு மாதம் கழித்துத் திண்டிவனம் பக்கத்து ஜமா ஒன்றின் பட்டியல் என் மேசைக்கு வந்தது. வழக்கம்போலத் தகப்பன் பெயர்க் கட்டத்தில் விரலை வைத்து இறங்கினேன். எட்டாவது வரியில் விரல் நின்றது. முகையூர்ப் பட்டியலை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். ஒரே தகப்பன் பெயர். ஒரே பிறந்த தேதி. வாத்தியம் மிருதங்கம். பெயர் மட்டும் வேறு. முகையூர்ப் பட்டியலில் ஞானஸ்நானப் பெயர். ஆதாரம் ரேஷன் அட்டை. திண்டிவனத்துப் பட்டியலில் வீட்டுப் பெயர். ஆதாரம் வாக்காளர் அட்டை. இரண்டு கையெழுத்தும் கடைசி எழுத்தில் ஒரே மாதிரி வலப்பக்கம் சாய்ந்திருந்தன. புகைப்படத்தைப் பார்க்கத் தேவையே இல்லை. பார்த்தேன்.

நான் செய்திருக்கக்கூடியது ஒன்றே ஒன்று. இரண்டு வாத்தியார்களில் ஒருவருக்கு ஒரு வரி எழுதி, பெயரை எடுத்துவிட்டுப் புதுப் பட்டியல் கொடுங்கள் என்று சொல்வது. குறைபாட்டைச் சுட்டித் திருப்பியனுப்புவது என்று அதற்கு நடைமுறையும் இருக்கிறது. அச்சடித்த படிவமும் இருக்கிறது. என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் ஒரு கட்டு இருந்தது.

நான் குறிப்பு எழுதினேன். "மேற்படி இரு பெயர்களும் ஒரே நபரையே குறிப்பன. மேற்படி நபர் வெவ்வேறு பெயர்களில் இரு குழுக்களின் பட்டியல்களில் இடம்பெற்று, நிபந்தனை ஒன்பதை மீறியுள்ளார்." ஒன்றரைப் பக்கம். ஒப்பீட்டு அட்டவணை ஒன்றும் இணைத்தேன். அட்டவணை அழகாக வந்தது. லஞ்சம் எதிர்பார்த்தேனா, மேலிடத்து நெருக்கடியா என்றால் இல்லை. அந்த ஜமாக்கள்மேல் எனக்கு விரோதமும் இல்லை. கண்டுபிடித்துவிட்டேன், அவ்வளவுதான். கண்டுபிடித்ததை எழுதாமல் வைத்திருக்க எனக்குத் தெரியாது. ஆட்சியர் ஒரு வார்த்தை மாற்றாமல் பச்சை மையில் கையெழுத்திட்டார்.

டெல்லி அமைப்பு வேறு எதற்கும் இவ்வளவு சீக்கிரம் பதில் எழுதியதில்லை. இரண்டு குழுக்களும் மூன்று ஆண்டுகளுக்கு நீக்கம்.

மூன்று பேரும் ஒன்றாக அலுவலகத்துக்கு வந்தார்கள். முகையூர் வாத்தியார், திண்டிவனத்து வாத்தியார், நடுவில் மிருதங்கக்காரர். திண்டிவனத்து வாத்தியார் அவருக்கு மச்சான். மனைவியின் கூடப் பிறந்தவர். உட்காரச் சொன்னேன். யாரும் உட்காரவில்லை.

"இன்னா சார் இது பேஜாரு," என்றார் மச்சான். "ஆள் மாத்தி ஆள் குடுக்கறது எங்க அப்பன் காலத்து வழக்கம். திருட்டுத்தனம் பண்ணாப்புல எழுதிக்கீறாங்க."

"இரண்டு பெயர் எதற்கு?" என்று கேட்டேன். கேள்வி மிருதங்கக்காரருக்கு.

"நான் எங்கங்க எழுதுனேன்? கோயில்ல சாமியார் கூப்புடற பேர இவுரு எழுதுனாரு. எங்க மாமியாரு கூப்புடற பேர அவுரு எழுதுனாரு. காட்டுன எடத்துல கையெழுத்து போட்டேன்."

"ரெண்டு பேரயும் நீதான்டா போட்ட!" என்றார் முகையூர் வாத்தியார்.

"ரெண்டும் என் பேருதானே."

"வாய மூடு. ஒன்னால பன்னெண்டு பேரு வாயில மண்ணு." பிறகு என்னிடம், குரலைத் தாழ்த்தி, "இவன ரெண்டு பட்டியல்லேர்ந்தும் எடுத்துட்டா எங்களுக்குக் குடுப்பாங்களா சார்?"

இப்போது முடியாது, மூன்று ஆண்டு கழித்துப் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்றேன். அப்போது பட்டியல் சுத்தமாக இருக்க வேண்டும் என்றும் சொன்னேன். சுத்தமாக என்ற சொல்லை நான்தான் சொன்னேன். மூவரும் படி இறங்கும்போது வாத்தியார்கள் இருவரும் பேசிக்கொண்டே முன்னால் போனார்கள். வரும்போது நடுவில் இருந்தவர் பத்தடி பின்னால் போனார்.

கோப்பை முடித்தேன். முடிந்த கோப்புகளை எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும் என்று அந்தந்தக் கோப்பின் மேலட்டையில் குறிக்க வேண்டும். ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம். மூன்றாண்டு என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டேன்.

அதன் பிறகு இரண்டு ஜமாக்களும் அவருக்கு வெற்றிலை பாக்கு வைக்கவில்லை என்று முகையூர் பக்கத்துக் கிராம நிர்வாக அலுவலர் ஒருவர் ஜமாபந்தி என்கிற வருவாய்க் கணக்குத் தணிக்கையின்போது பேச்சுவாக்கில் சொன்னார். அடுத்த முறை பெயர் எதில் வந்து தொலைக்குமோ என்ற பயத்தில் மற்ற ஜமாக்களும் கூப்பிடவில்லை. ஆள் வானூரோடு போய்விட்டாராம். மூன்று ஆண்டு கழிந்து இரண்டு ஜமாக்களுக்கும் உதவித்தொகை வந்தது. அந்தப் பட்டியல்களையும் நான்தான் சரிபார்த்தேன். ஒரு குறையும் இல்லை. உதவித்தொகை வாங்கும் குழுக்களின் ஆண்டுக் கூட்டத்துக்கு முகையூர் ஜமா வந்து ஆடியபோது மிருதங்கத்தில் ஒரு பையன் இருந்தான். கணக்குத் தப்பாமல் வாசித்தான். ஆட்டம் சரியாக இருபது நிமிடத்தில் முடிந்தது.

ஓய்வு பெற்றுத் திண்டிவனத்தில் வீடு கட்டிக்கொண்டு குடியேறினேன். வீட்டைக் கட்டியவர்களின் கைகளை நான் பார்த்ததில்லை. மேஸ்திரியோடு மட்டும் பேசினேன்.

2010க்குப் பிறகு சில ஆண்டுகள் கழித்து, ஆதார் எடுப்பதற்காக வட்டாட்சியர் அலுவலக வளாகத்தில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இருந்த ஆளின் கைரேகையைக் கருவி ஏற்கவில்லை. கணினி முன் இருந்த பெண் அலுத்துப்போய்ச் சொன்னாள்: "தாத்தா, நல்லா அழுத்துங்க. அய்ய, இப்படி இல்ல. சோப்பு போட்டுக் கழுவினு வாங்க."

அவர் கழுவிக்கொண்டு வந்தார். ஏற்கவில்லை. யாரோ தேங்காயெண்ணெய் தடவச் சொன்னார்கள். எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொன்னார்கள். பத்து விரலையும் வைத்துப் பார்த்தார். திரையில் சிவப்பே வந்தது.

"இன்னா வேல செய்வீங்க தாத்தா?"

"கலவைம்மா."

"அதான். ரேகையே இல்ல. கண்ண மட்டும் எடுத்துக்கறேன், ஜல்தியா இந்தப் பக்கம் பாருங்க."

அவர் திரும்பியபோது என்னைப் பார்த்தார். எனக்கு முன்னால் அவருக்குத்தான் அடையாளம் தெரிந்தது. "சார், விழுப்புரத்து சார்தானே?" என்று கும்பிட்டார். விரல்கள் ஒன்றோடொன்று சரியாகப் படியவில்லை. நடுவிரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டிருந்தன.

வெளியே வேப்பமரத்தடியில் நின்று பேசினோம். கோபமாக ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் என் உடம்பைப் பற்றி விசாரித்தார். மனைவி இறந்துவிட்டாராம். வேலைக்கு இனிமேல் கூப்பிட மாட்டார்களாம். "மம்பட்டி நிக்க மாட்டேங்குது சார், கையில."

வயதான கலைஞர்களுக்கு மாதாமாதம் உதவி தரும் திட்டம் ஒன்றும் அதே டெல்லி அமைப்பில் இருக்கிறது, நான் வாங்கித் தருகிறேன் என்றேன். அப்போது உண்மையாகவே நம்பினேன். படிவம் எனக்கு மனப்பாடம். ஆண்டாண்டாகக் கலைஞராக இருந்தார் என்பதற்கு ஓர் ஆதாரம். இரண்டு பெயர் இருப்பதால், இரண்டும் ஒருவரே என்பதற்கு ஓர் ஆதாரம். இவ்வளவுதான் வேண்டும்.

முகையூர் வாத்தியார் செத்துப்போயிருந்தார். மச்சான் வீட்டுக்கு நானே போனேன். மோர் கொடுத்து உபசரித்தார். கடிதம் என்றதும் சொம்பைக் கீழே வைத்தார்.

"என் மச்சான்தான், இல்லன்னு சொல்லல. ஆனா அந்தப் பேர என் லெட்டர்ல எழுதி டெல்லிக்கு அனுப்ப மாட்டேன் சார். பழசக் கெளறுவாங்க. என் ஜமால பத்துப் பேரு சாப்புடறாங்க. நீங்கதானே சொன்னீங்க, பட்டியல் சுத்தமா இருக்கணும்னு?"

பேருந்தில் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் மிருதங்கக்காரர் என்பதற்கும், இரண்டு பெயரும் அவருடையதே என்பதற்கும், ஆட்சியர் கையெழுத்தோடு ஒன்றரைப் பக்க ஆதாரம் அரசாங்கத்திடம் இருக்கிறது. ஒப்பீட்டு அட்டவணையோடு. நான் எழுதியது.

மறுநாளே விழுப்புரம் போனேன். ஆவணக் காப்பறையில் இருந்தவர் என்னிடம் வேலை கற்றவர். இரண்டு மணி நேரம் பதிவேடுகளைப் புரட்டிவிட்டு வந்து தயங்கி நின்றார்.

"அழிச்சிட்டோம் சார். மூன்றாண்டுக் கோப்பு. 2003லயே போயிடுச்சி." பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். கோப்பு எண், பொருள், காப்புக் காலம், அதற்கெதிரே என் சுருக்கொப்பம். "நீங்க பத்தாண்டு போட்டிருந்தாக்கூட அழிச்சிருப்பாங்க சார், விடுங்க," என்றார். ஆறுதலுக்குச் சொன்னார். கணக்குப் பார்த்தேன். அதுவும் சரிதான். நிரந்தரம் என்று போட்டிருக்கலாம். தெருக்கூத்துக் கோப்புக்கு யாரும் நிரந்தரம் போடுவதில்லை.

டெல்லிக்கும் எழுதினேன். அங்கிருந்து நல்ல தாளில் பதில் வந்தது. விண்ணப்பதாரர் பெயரில் தங்களிடம் எந்தப் பதிவும் இல்லை என்றும், வேண்டுமானால் ஒரு மணி நேர வாசிப்பைப் பதிவு செய்து அனுப்பலாம் என்றும்.

கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். கைகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"விடுங்க சார். வேற எதுனா கெடைக்குமா?"

கிடைக்கும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் அறுபது வயதுக்கு மேல் ஓய்வூதியம் உண்டு. வானூர் மேஸ்திரி தன் ஆள்களுக்கெல்லாம் எப்போதோ வாரிய அட்டை போட்டுக் கொடுத்திருந்தார்; இவருடைய அட்டை ஒரு பிளாஸ்டிக் பையில் பத்திரமாக இருந்தது. புதுப்பித்தலில்கூடக் குறை இல்லை. சான்று தர மேஸ்திரி உடனே ஒப்புக்கொண்டார். "சிமெண்டுக்கு அவர மாதிரி ஆள் கெடையாதுங்க," என்றார்.

படிவத்தை என் மேசையிலேயே நிரப்பினேன். தகப்பன் பெயர், பிறந்த தேதி, அட்டையில் உள்ள ஒரே பெயர். தொழில் என்ற கட்டம் வந்ததும் பேனா நின்றது.

"எழுதுங்க சார். இதுல யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க."

கட்டுமானத் தொழிலாளி என்று எழுதினேன். கீழே கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவைக் கொடுத்தேன். இரண்டு பட்டியல்களில் இரண்டு பெயரைக் கையெழுத்திட்டவர். மடங்கிய விரல்களில் பிடி நிற்கவில்லை, பேனா இரண்டு முறை மேசையில் உருண்டது. மைப்பெட்டியைத் தேடி எடுத்து, அவருடைய இடது கட்டைவிரலை நானே பிடித்து மையில் ஒற்றித் தாளில் வைத்து அழுத்தினேன். எடுத்துப் பார்த்தால் ஒரு கோடுகூட இல்லை. முழுக் கறுப்பாக ஒரு வட்டம்.

"இது போதுங்களா சார்?" என்று கேட்டார்.

போதும் என்றேன். பதினாறாம் நாள் உத்தரவு வந்துவிட்டது.